பெட்டிக்குள் கேம் இருக்கிறதா?

கேள்வி மூன்று பகுதியாக வந்திருக்கிறது. எந்த வீடியோ கேமையும் இருந்த இடத்திலிருந்தே பதிவிறக்கிக்கொள்ளலாம் என்று ஆகிவிட்ட பிறகு, டிஸ்க்கையும், கன்சோலில் செருகும் டப்பாவான கார்ட்ரிட்ஜையும் தேடி வாங்கி அலமாரியில் அடுக்குவதில் பொருள் உண்டா? உண்டென்றால் எதிலிருந்து தொடங்குவது? பிரிக்காத பெட்டிகளை வாங்கி வைத்தால் பின்னால் நல்ல விலைக்குப் போகுமா?

இருபது ஆண்டுகளாகச் சேர்த்துக்கொண்டிருப்பவன் என்பதால் முதல் கேள்விக்கு ‘உண்டு’ என்று சொல்லிவிட்டுப் போகத்தான் மனம் வருகிறது. ஆனால் அந்த ‘உண்டு’ முன்போல் முழுசாக இல்லை. ஒரு காலத்தில் பெட்டியை வாங்கினால் கேமை வாங்கியாயிற்று. இன்று பெட்டியை வாங்கியவர் கையில் பெட்டி மட்டுமே இருக்கவும் கூடும். ஆகவே டிஸ்க்கா, பதிவிறக்கமா என்று பட்டிமன்றம் நடத்துவதில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. எந்தக் கேமைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: யாருடைய சர்வரிடமும், அதாவது எந்த நிறுவனத்தின் இணையக் கணினியிடமும், அனுமதி கேட்காமல் இது தானாக ஓடுமா?

முதலில் பதிவிறக்கத்தின் பக்கம். அங்கே நாம் காசு கொடுப்பது கேமுக்கு அல்ல, அதை விளையாடுவதற்கான உரிமத்துக்கு. இந்தச் செய்தி நெடுங்காலம் யாரும் படிக்காத ஒப்பந்தப் பக்கங்களின் அடியில் கிடந்தது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் 2024இல் ஒரு சட்டம் இயற்றியது. ‘வாங்கு’ என்று பொத்தான் வைக்கும் இணையக் கடை, தான் தருவது உரிமம்தான் என்பதை வாங்குகிறவர் கண்ணில் படும்படி சொல்லியாக வேண்டும் என்றது அது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கணினிக் கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடை முந்திக்கொண்டு 2024 அக்டோபரிலேயே பணம் கட்டும் இடத்தில் அந்த வரியைப் போட்டுவிட்டது.

உரிமம் கொடுத்தவர் கடையைச் சாத்தினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று. நின்டெண்டோ, கேம் ஓட்டும் இயந்திரமான தன் வீ கன்சோலின் இணையக் கடையை 2019 ஜனவரியில் மூடியது. 3டிஎஸ், வீ யூ கடைகளை 2023 மார்ச் 27 அன்று மூடியது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் 360 கடையை 2024 ஜூலை 29 அன்று மூடியது. சோனி 2021 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 3, வீட்டா கடைகளை மூடப்போவதாக அறிவித்துவிட்டு, எழுந்த கூச்சலைக் கேட்டு அடுத்த மாதமே பின்வாங்கியது. நியாயமாகச் சொன்னால், 3டிஎஸ், வீ யூ கடைகளை மூடியபோது ஏற்கெனவே வாங்கியவற்றை மறுபடி இறக்கிக்கொள்ள விட்டார்கள். ஆனால் புதிதாக ஒருவர் வந்து வாங்க முடியாது. டிஸ்க்காகவோ கார்டாகவோ வெளிவராத நூற்றுக்கணக்கான சின்னக் கேம்களுக்கு அதோடு சட்டப்படியான வாசல் அடைந்துவிட்டது. வீடியோ கேம் வரலாற்றைக் காப்பதற்கென்றே இயங்கும் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த கேம்களில் நூற்றுக்கு 87 இன்று விற்பனையில் இல்லை. அந்த 87இல் ஒன்றை முறையாக விளையாட வேண்டுமானால் பழைய பிரதி ஒன்றைத் தேடிப் பிடிப்பதுதான் பெரும்பாலும் வழி. சேர்ப்பவர்களைக் கிறுக்கர்கள் என்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்த எண்தான்.

2014 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4இல் ‘பி.டி.’ என்ற பேய்க் கேம் இலவச முன்னோட்டமாக வந்தது. ஒரே ஒரு நடைகூடம், அதையே திரும்பத் திரும்பச் சுற்றிவர வேண்டும், அவ்வளவுதான் கேம். 2015 ஏப்ரலில் அதைக் கடையிலிருந்து எடுத்தார்கள். பிறகு, ஒருமுறை இறக்கி அழித்தவர்களும் மறுபடி இறக்க முடியாமல் போனது. உடனே என்ன நடந்தது தெரியுமா? அந்த முன்னோட்டம் உள்ளே இருக்கும் பழைய கன்சோல்களைக் கூடுதல் விலைக்கு விற்கத் தொடங்கினார்கள். இலவசமாக வந்த கோப்பு ஒன்று, ஹார்ட் டிஸ்க்கில் மாட்டிக்கொண்டதால், கையில் பிடிக்கும் அரும்பொருளாகிவிட்டது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ‘அப்படியானால் டிஸ்க் வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது’ என்று கடைக்கு ஓடினால், அடுத்த குழி அங்கேதான் இருக்கிறது. 2014இல் வந்த ‘தி க்ரூ’ என்ற கார் பந்தயக் கேமின் டிஸ்க்குகள் இன்றும் பளபளவென்று இருக்கும். தனியாக விளையாடும்போதும் சர்வரோடு இணைந்தே ஓடும்படி அதை எழுதியிருந்தார்கள். 2024 மார்ச் 31 அன்று அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் நிறுவனம் சர்வரை நிறுத்தியது. அன்றிலிருந்து அந்த டிஸ்க்கால் ஆகும் காரியம் ஒன்றுமில்லை. இதில் கோபமுற்றுத்தான் ராஸ் ஸ்காட் என்பவர் ‘கேம்களைக் கொல்லாதீர்கள்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கான குடிமக்கள் மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது.

2015இல் வந்த ‘டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர் 5’ டிஸ்க்கில் பயிற்சிப் பகுதியும் மைதானம் கட்டும் கருவியும்தான் இருந்தன; மீதிக் கேம் முதல் நாள் பேட்ச் என்ற திருத்தக் கோப்போடு இணையத்தில் வந்தது. பத்தாண்டு கழித்து, 2025 மேயில் வந்த ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ பிளேஸ்டேஷன் 5 டிஸ்க்கில் இருந்தது சுமார் 85 எம்பி. நூறு ஜிபி வரை கொள்ளும் தட்டில் 85 எம்பி! அதைக் கேம் என்று சொல்வதைவிட டிக்கெட் என்று சொல்வது பொருத்தம். அதே ஆண்டு ஜூனில் வந்த நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோல் இந்த டிக்கெட்டுக்கு ஒரு பெயரே வைத்துவிட்டது: கேம்-கீ கார்டு. கார்டுக்குள் கேம் கிடையாது. கேமை இறக்கிக்கொள்ளும் சாவி மட்டும் இருக்கும். முதல் முறை இணையம் வேண்டும். அதன்பின் ஒவ்வொரு முறை விளையாடும்போதும் கார்டைச் செருகியும் வைக்க வேண்டும். இரண்டு உலகத்தின் தொந்தரவும் ஒரே கார்டில். விற்கலாம், இரவல் கொடுக்கலாம் என்ற ஒரு நன்மை மட்டும் அதற்கு உண்டு. அதை மறுக்க மாட்டேன். ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகம் பெட்டியில் வரும் கேம்களையும் சேகரித்துப் பாதுகாக்கும் அமைப்பு. அது இந்தச் சாவிக் கார்டுகள் தன் சேகரிப்பு வரம்புக்குள் வராது என்று சொல்லிவிட்டது. உள்ளே உள்ளடக்கம் இல்லையே, எதைப் பாதுகாப்பது?

பெரிய கார்டு விலை அதிகம் என்பதுதான் பதிப்பாளர்கள் இந்த வழிக்குப் போகும் முக்கியக் காரணம். முடியாத காரியம் என்றில்லை. ‘சைபர்பங்க் 2077’ அதே ஸ்விட்ச் 2வுக்கு 64 ஜிபி கார்டில் முழுசாக வந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு, சேர்ப்பவர்கள் பலருக்கு இது கசக்கும். ஜிஓஜி போன்ற கடையில் கணினிக் கேம் வாங்கினால், இணையமே தேவைப்படாத நிறுவல் கோப்பை இறக்கித் தருகிறார்கள். அதை என் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு பிரதியாக வைத்துக்கொண்டால் நாளைக்கு அந்தக் கடையே இல்லாமல் போனாலும் கேம் ஓடும். என் அளவுகோலின்படி அந்தக் கோப்பு என் கையில் இருக்கிறது. ‘தி க்ரூ’ டிஸ்க் என் அலமாரியில் மட்டுமே இருக்கிறது.

அப்படியென்றால் கோப்பு போதுமே, பெட்டி எதற்கு? 1998இல் வந்த ‘மெட்டல் கியர் சாலிட்’ கேமில் ஓர் இடம். மெரில் என்ற பாத்திரத்தை வானொலியில் தொடர்புகொள்ள வேண்டும். எண்ணைக் கேட்டால் ‘சிடி பெட்டியின் பின்பக்கம் இருக்கிறது’ என்று பதில் வரும். கேமுக்குள் ஏதோ சிடியைத் தேடி அலைவீர்கள். அவர்கள் சொன்னது உங்கள் கையில் இருக்கும் பெட்டியை. திருப்பிப் பார்த்தால், பின்னட்டையில் அச்சிட்ட படமொன்றில் 140.15 என்று இருக்கும். 1990இல் வந்த ‘ஸ்டார்ட்ராபிக்ஸ்’ இன்னும் ஒரு படி மேல். பெட்டியோடு ஒரு கடிதம் வரும்; கேமில் ஒரு கட்டத்தில் அந்தக் கடிதத்தைத் தண்ணீரில் நனைக்கச் சொல்வார்கள். நனைத்தால் 747 என்ற எண் தெரியும். பழைய பிரதி வாங்குகிறவருக்குப் பெரும்பாலும் கடிதம் இருக்காது. இருந்தால் முப்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு சிறுவன் நனைத்து உலர்த்திய சுருக்கத்தோடு இருக்கும். நனைக்காத கடிதத்துக்கு மதிப்பு அதிகம் என்பார்கள். எனக்கென்னவோ நனைத்ததுதான் பிடிக்கும்.

இப்படி வரைபடமும் கையேடும் பின்னட்டையும் கேமின் பாகமாகவே இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்துப் பிரதிகளைப் பெட்டி, கையேடு சகிதமாக வாங்குவதில் பொருள் இருக்கிறது. இப்போது வரும் பெட்டியைத் திறந்தால் ஒரு டிஸ்க்கும் விளம்பரத் துண்டுச்சீட்டும். அங்கே பெட்டிக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

இரவல் கொடுக்கும் சுதந்திரம் அடுத்தது. 2013இல் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் வந்து தலையைக் காட்ட வேண்டும், பழைய டிஸ்க்கை விற்பதற்கும் விதிமுறை உண்டு என்று அறிவித்தது. சோனி அதற்குப் பதிலாகச் சில நொடி ஓடும் ஒரு காணொளியை வெளியிட்டது: ஒருவர் டிஸ்க் பெட்டியை நீட்டுகிறார், பக்கத்தில் இருப்பவர் வாங்கிக்கொள்கிறார், முடிந்தது. மைக்ரோசாஃப்ட் ஜூன் 19 அன்று அந்த விதிகளைக் கைவிட்டது. அன்று கிண்டல் செய்த அதே சோனி 2024 நவம்பரில் வெளியிட்ட பிளேஸ்டேஷன் 5 ப்ரோவில் டிஸ்க் டிரைவ் கிடையாது. தனியாக வாங்கி மாட்ட வேண்டும், மாட்டியதும் ஒருமுறை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும்.

சரி, எதை வாங்குவது? முதலில், எந்தக் கன்சோலுக்கும் ‘முழுத் தொகுப்பு’ சேர்க்கப் போகாதீர்கள். நின்டெண்டோவின் பழைய என்இஎஸ் கன்சோலுக்கு 1990 போட்டிக்காகச் செய்த உலகச் சாம்பியன்ஷிப் கார்ட்ரிட்ஜ்கள் சாம்பல் நிறத்தில் 90, தங்க நிறத்தில் 26. எண்ணிக்கையை முடிக்க வேண்டும் என்று இறங்கினால், கடைசியில் விளையாடப் பிடிக்காத கேம்களுக்குத்தான் அதிகம் செலவழித்திருப்பீர்கள். ஒரு கன்சோலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நீங்கள் இரண்டாம் முறை விளையாட விரும்பும் கேம்களை மட்டும் வாங்குங்கள். என் அலமாரியிலிருந்து ஒருமுறை நாற்பது கேம்களை விற்றேன். இன்றுவரை அவற்றில் ஒன்றைக்கூட நான் தேடவில்லை.

புதிய கேம் என்றால் வெளியான அன்றே டிஸ்க்கை வாங்க அவசரப்படாதீர்கள். டிஸ்க்கில் பதிந்திருப்பது முதல் பதிப்பு. பிழைகளோடு சேர்ந்து அச்சானது. 2020 டிசம்பரில் ‘சைபர்பங்க் 2077’ பிளேஸ்டேஷன் 4இல் வந்த கோலத்தைப் பார்த்து சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்தே சில மாதம் எடுத்துவைத்தது. சர்வர்கள் போன பிறகு அந்த முதல் டிஸ்க்கில் மிஞ்சப்போவது அந்தக் கோலம்தான். ஓராண்டு, ஈராண்டு கழித்துத் திருத்தங்களும் கூடுதல் பகுதிகளும் டிஸ்க்கிலேயே சேர்ந்து வரும் முழுப் பதிப்புக்குக் காத்திருங்கள். ‘ஹொரைசன் ஸீரோ டான்’ முழுப் பதிப்பு அப்படி வந்த நல்ல உதாரணம். ஆனால் அட்டையில் ‘முழுப் பதிப்பு’ என்று அச்சிட்டிருப்பதை நம்பிவிடாதீர்கள். சிலவற்றில் கூடுதல் பகுதி ஒரு காகிதத்தில் அச்சிட்ட குறியீடாக வரும். பழைய பிரதியில் அந்தக் குறியீட்டை முதல் உரிமையாளர் எப்போதோ பயன்படுத்தியிருப்பார்.

எது எவ்வளவு காலம் தாங்கும் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். பழைய கார்ட்ரிட்ஜில் கேம் இருப்பது மாஸ்க் ரோம் என்ற சில்லில், அதாவது சிப்பில். தொழிற்சாலையிலேயே சிலிக்கனில் செதுக்கப்பட்டது, மின்சாரம் தேவையில்லை, எளிதில் அழியாது. முப்பத்தைந்து ஆண்டுப் பழைய கார்ட்ரிட்ஜ் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் கன்சோலைத் தொடும் பித்தளை நிறக் காலில் அழுக்கு. ஐசோபுரப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்தால் போதும். வாயால் ஊதுவதை மட்டும் விட்டுவிடுங்கள். ஊதியதால் ஓடியது என்று நாம் நம்பியதெல்லாம், எடுத்து மறுபடி செருகியதால் கால் சரியாகப் பொருந்தியதுதான். எச்சில் ஈரம் காலை அரிக்கத்தான் செய்யும்.

அழிவது கேம் அல்ல, அதில் நாம் சேமித்து வைத்த ஆட்டம். கேம் பாய்க்கு வந்த ‘போக்கிமான் கோல்டு’ கார்ட்ரிட்ஜுக்குள் சிஆர்2025 என்ற மூன்று வோல்ட் பொத்தான் பேட்டரி ஒன்று இருக்கிறது. அது உயிரோடு இருக்கும்வரைதான் சேமித்த ஆட்டம் இருக்கும். இந்தக் கேமில் இரவு பகல் பார்க்கும் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால், முந்தைய ‘ரெட்’, ‘ப்ளூ’ கேம்களைவிட இதில் பேட்டரி சீக்கிரம் தீரும். 2002இல் வந்த ‘ரூபி’, ‘சஃபையர்’ வேறு மாதிரி. அங்கே பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும். அது தீர்ந்தால் தோட்டத்துப் பழங்கள் வளராது, சேமித்த ஆட்டத்துக்கு ஒன்றும் ஆகாது.

பேட்டரி மாற்றுவது அப்படியொன்றும் கடினமில்லை. கேம் பாய் கார்ட்ரிட்ஜின் முதுகில் இருக்கும் திருகு சாதாரண ஸ்க்ரூ டிரைவருக்கு அசையாது, 3.8 மில்லிமீட்டர் தனிப் பிட் வேண்டும். திறந்தால் தீப்பெட்டி அளவு பலகை, மூலையில் பேட்டரி. பேட்டரியின் இரண்டு பக்கமும் மெல்லிய தகடு ஒட்டியிருக்கும். அந்தத் தகட்டைப் பலகையோடு இணைக்கும் ஈயத்தைச் சால்டரிங் அயர்னால் இளக்கி எடுத்து, தகடு ஒட்டியே விற்கும் புதுப் பேட்டரியை, எது நேர்முனை எது எதிர்முனை என்று பார்த்து அதே இடத்தில் பற்றவைக்க வேண்டும். பழைய தகட்டில் புதுப் பேட்டரியைச் செலோ டேப்பால் கட்டி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு முறை கைதவறிக் கீழே விழுந்தால் போதும், எல்லாம் போய்விடும். பேட்டரியைக் கழற்றும் கணத்தில் சேமித்த ஆட்டமும் அழிந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே கார்ட்ரிட்ஜை வாசிக்கும் சின்னக் கருவி ஒன்றில் செருகி அதைக் கணினியில் எடுத்துவைத்துக்கொண்டு, மாற்றிய பின் திரும்ப எழுதிவிடுவேன். முகம் தெரியாத ஒரு பிள்ளை இருநூறு மணி நேரம் விளையாடிய ஆட்டத்தை நான் அழிப்பானேன்.

போலிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நானே ஏமாந்திருக்கிறேன். கேம் பாய் அட்வான்ஸுக்கான ‘போக்கிமான் ஃபயர்ரெட்’ ஒன்றைப் பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். லேபிளின் சிவப்பு கொஞ்சம் வெளிறியிருந்தது. வெயிலில் கிடந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேம் ஓடியது, ஆட்டமும் சேமித்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் ஆட்டம் காணவில்லை. மூன்று கவை கொண்ட ஸ்க்ரூ டிரைவரால் திறந்து பார்த்தால், சில் இருக்க வேண்டிய இடத்தில் தார் சொட்டியதுபோல் ஒரு கறுப்புக் கட்டி. பக்கத்தில் ஒரு பேட்டரி. ஃபயர்ரெட் கேமில் கடிகாரம் கிடையாது, ஆட்டம் மின்சாரம் இல்லாமலே நினைவில் வைத்திருக்கும் ஃபிளாஷ் சில்லில் சேமிக்கப்படும். அசல் பலகையில் பேட்டரிக்கு வேலையே இல்லை. இப்போதெல்லாம் வாங்கும் முன்பே லேபிளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்க்கிறேன். அசலில் இரண்டு இலக்க எண் ஒன்று மை இல்லாமல் லேபிளில் அழுத்திப் பதிந்திருக்கும். செருகும் வாயை உற்றுப் பார்த்தால், தங்க நிறக் கால்களுக்கு மேலே பலகையில் நின்டெண்டோ பெயர் அச்சிட்டிருப்பது தெரியும். இரண்டும் இல்லையென்றால் விலை எவ்வளவு மலிவானாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

டிஸ்க்குகளுக்கு வேறு நோய். எல்லோரும் பளபளக்கும் அடிப்பக்கத்துக் கீறலைத்தான் பார்க்கிறார்கள். சிடியில் ஆபத்து மேல்பக்கம். படம் அச்சிட்ட அந்தப் பக்கத்தில், மெல்லிய மெருகுப் பூச்சுக்கு நேர் கீழேதான் தரவு பதிந்த அலுமினியப் படலம் இருக்கிறது. முதல் பிளேஸ்டேஷன் சிடியின் அடிப்பக்கத்தில் கீறல் இருந்தால் மெருகேற்றிச் சரிசெய்துவிடலாம். மேல்பக்கத்தில் படலம் பெயர்ந்தால் போனது போனதுதான். டிவிடியில் தரவு இரண்டு தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் கொஞ்சம் பாதுகாப்பு. ப்ளூ-ரேயில் தரவு அடிப்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது; கடினமான பூச்சு காக்கிறது. அந்தப் பூச்சையும் தாண்டிக் கீறல் விழுந்தால் தேய்த்துச் சரிசெய்ய இடமில்லை. பழைய டிஸ்க்கை வாங்கும்போது விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனைப் புள்ளி ஒன்றிரண்டு அச்சிலேயே வருவதுண்டு, பயமில்லை. விளிம்பிலிருந்து கறைபோல் பரவி வெளிச்சம் கசிந்தால் அது அலுமினியம் அரித்துப்போவது. அந்த டிஸ்க் வேண்டாம்.

ஸ்விட்ச், 3டிஎஸ், வீட்டா போன்றவற்றின் கார்டுகள் ஃபிளாஷ் வகை நினைவகத்தைச் சார்ந்தவை. அதில் மின்னூட்டம் ஆண்டுக் கணக்கில் மெல்லக் கசியும் இயல்பு உண்டு. ஆகவே மாஸ்க் ரோமுக்குச் சொன்ன உறுதியை இவற்றுக்குச் சொல்ல மாட்டேன். வாங்கி ஓரமாகப் போட்டுவிடாமல் அவ்வப்போது கன்சோலில் போட்டு ஓட்டுவது நல்லது.

கேமை மட்டும் சேர்த்தால் போதாது, அதை ஓட்டும் இயந்திரமும் வேண்டும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். 1984இல் வந்த ‘டக் ஹன்ட்’ கேமின் துப்பாக்கி, திரையில் ஒளிக்கற்றை வரி வரியாக ஓடும் பழைய குழாய் டிவியின் நேரக் கணக்கை நம்பிச் செய்யப்பட்டது. இன்றைய தட்டைத் திரைக்கு முன் அது குருடு. பழைய எக்ஸ்பாக்ஸின் பலகையில் கடிகாரத்துக்கென்று இருக்கும் மின்தேக்கி கசிந்து செம்புத் தடங்களை அரிக்கும். முதல் வேலையாக அதைக் கழற்றி எறிய வேண்டும். பிளேஸ்டேஷன் 4இல் ஒரு கூத்து நடந்தது. உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்து, சோனியின் சர்வரையும் தொட முடியாவிட்டால், டிஸ்க் இருந்தும் கேம் ஓடாது என்று சிலர் கண்டுபிடித்தார்கள். 2021 செப்டம்பரில் வந்த 9.00 அப்டேட் அதைச் சரிசெய்தது. உங்கள் பழைய பிளேஸ்டேஷன் 4 பரணில் இருந்தால் அந்த அப்டேட்டை இப்போதே ஏற்றி வைத்துவிடுங்கள்.

மூன்றாவது கேள்வி: பிரிக்காத பெட்டி, முதலீடு. சுருக்கமாகச் சொன்னால், வேண்டாம். 2021 ஜூலையில் பிரிக்காத ‘சூப்பர் மரியோ 64’ பிரதி ஒன்று 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. அந்தச் செய்தியைப் படித்துத்தான் பலர் இந்தப் பக்கம் வந்தார்கள். ஆனால் அந்தக் கேம் அரிதானதே அல்ல. ஒரு கோடிக்கு மேல் விற்றது. அங்கே விலைபோனது கேம் அல்ல, நெகிழித் தாள் கிழியாமல் இருந்ததும் அதற்கு ஒரு நிறுவனம் கொடுத்த 9.8 என்ற மதிப்பெண்ணும். இன்னொருவர் அந்த மதிப்பெண்ணுக்கு அவ்வளவு கொடுப்பார் என்ற நம்பிக்கையில்தான் முழு வியாபாரமும் நிற்கிறது. அதே மாதம் பிரிக்காத ‘லெஜண்ட் ஆஃப் ஸெல்டா’ 8 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்குப் போனது. அந்தக் கார்ட்ரிட்ஜுக்குள் ஆட்டத்தைச் சேமிக்கும் பேட்டரி ஒன்று 1980களிலிருந்து உட்கார்ந்திருக்கிறது. அது தீர்ந்துவிட்டதா என்று பார்க்கவேண்டுமானால் பெட்டியைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் விலை போய்விடும்.

2015இல் தொடங்கிய லிமிடெட் ரன் கேம்ஸ் போன்றவர்கள், பதிவிறக்கமாக மட்டும் வந்த கேம்களைக் குறைந்த எண்ணிக்கையில் டிஸ்க்காகவும் கார்டாகவும் அச்சிட்டுத் தருகிறார்கள். உரிமச் சிக்கலால் 2014 டிசம்பரில் கடைகளிலிருந்து காணாமல்போன ‘ஸ்காட் பில்க்ரிம்’ கேம் 2021 ஜனவரியில் திரும்பி வந்தபோது, இப்படித்தான் முதன்முறையாகக் கையில் பிடிக்கும் பிரதியும் கிடைத்தது. அந்த மாதிரி வாங்குவதை நான் ஆதரிக்கிறேன். ஒரே கேமுக்கு நான்கு அட்டைப் படம் போட்டு நான்கையும் வாங்கவைப்பதை ஆதரிக்கவில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு வருகிறேன். ஏற்கெனவே உங்களிடம் இருப்பதிலிருந்து. நவீன கன்சோல் ஒன்றும் சில டிஸ்க்குகளும் இருக்கும் அல்லவா? சேமித்த ஆட்டங்களை வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, நிறுவிய கேம்களை அழித்துவிடுங்கள். கன்சோலின் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். பிறகு டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் போட்டு நிறுவி, முதல் கட்டம் தாண்டி ஒரு மணி நேரமாவது விளையாடிப் பாருங்கள். தலைப்புத் திரை வந்துவிட்டது என்பதற்காக நிறுத்திவிடாதீர்கள், சில டிஸ்க்குகள் அதுவரை ஒழுங்காக நடித்துவிட்டுத்தான் பதிவிறக்கம் கேட்கும். ஓடியவற்றின் பெட்டிக்குள் தேதி எழுதிய ஒரு துண்டுச் சீட்டை வையுங்கள். ஓடாதவற்றை விற்பதாக இருந்தால், சர்வர் இருக்கும்போதே, வாங்குகிறவரிடம் விஷயத்தைச் சொல்லி விற்றுவிடுங்கள்.